யார் யார் கொடுத்த கடன்?
(தொழில்முனைவோரின் தொடக்கக் காலத்தைச் சொல்லும் திரைப்படங்கள் குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் 2011 அக்டோபர் 5 அன்று காலமானார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம், கலிபோர்னியாவின் லாஸ் ஆல்டோஸ் நகரில் அவர் வளர்ந்த வீட்டிலேயே ஒரு படப்பிடிப்பு தொடங்கியது. ‘ஜாப்ஸ்’ என்ற அந்தப் படம் 2013 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவிலும், ஆகஸ்டில் அரங்குகளிலும் திரையிடப்பட்டது. இயக்கியவர் ஜோஷுவா மைக்கேல் ஸ்டெர்ன். ஜாப்ஸாக ஆஷ்டன் குட்சரும், அவருடைய கூட்டாளி ஸ்டீவ் வாஸ்னியாக்காக ஜோஷ் கேடும் நடித்தார்கள். பெரிய ஸ்டூடியோவின் துணையில்லாமல், தனியார் முதலீட்டில், ஏறத்தாழ 1.2 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் அது. நமக்கு அது பெருந்தொகையாகத் தெரியலாம். ஆனால் ஃபேஸ்புக் தோன்றிய கதையைச் சொன்ன ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்துக்கு 2010இல் ஏறத்தாழ 4 கோடி டாலர் செலவானது. ஹாலிவுட் கணக்கில் ‘ஜாப்ஸ்’ சிக்கனமான படம்தான். விமர்சகர்கள் பலரும் அதை ஏற்கவில்லை. பட்ஜெட் போதாமை, அவசரம், நடிகர் தேர்வு என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. அந்தப் படம் தவறிய இடம் வேறு என்று வாதிடவே இங்கே நிற்கிறேன். அதே இடத்தில்தான் தொழில்முனைவோரைப் பற்றிய படங்களில் பெரும்பாலானவை தவறுகின்றன.

ஒருவருடைய தொடக்கக் காலப் போராட்டம் என்று நாம் சொல்லும்போது, அவர் பட்ட பாட்டை மட்டும் நினைக்கிறோம். கையில் காசில்லை, யாரும் நம்பவில்லை, கதவுகள் சாத்தப்பட்டன, ஆனாலும் அவர் தளரவில்லை. இந்த வரிசையில் கதை ஓடி, வெற்றியில் முடிகிறது. ஆனால் எந்த நிறுவனத்தின் முதல் இரண்டாண்டுகளை எடுத்துக்கொண்டாலும், அங்கே நடப்பது பெரும்பாலும் கடன் வாங்கலும் கொடுக்கலும்தான். பணம் மட்டும் கடனாக வருவதில்லை. இடம், உழைப்பு, அறிவு, நம்பிக்கை, பெயர் எல்லாமே கடனாக வருகின்றன. நம் ஊர்க் கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போல, யார் என்ன கொடுத்தார்கள், அவர்களுக்கு என்ன திரும்பிப் போனது என்ற கணக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உண்டு. போராட்டக் காலத்தைச் சொல்ல வரும் படம் அந்தக் கணக்கைத் திறந்து காட்டினால் உண்மையாகிறது. அதை மூடி வைத்துவிட்டு நாயகனின் மன உறுதியை மட்டும் காட்டினால், எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும் பொய்யாகிவிடுகிறது. குறைந்த செலவில் எடுக்கப்படும் படம் இந்தக் கணக்கைக் காட்ட எல்லா வகையிலும் தகுதியானது.

ஆப்பிள் நிறுவனத்தின் கணக்கையே பார்ப்போம். 1975 மார்ச் 5 அன்று, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கார்டன் ஃப்ரெஞ்ச் என்பவரின் கார் ஷெட்டில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் சங்கம் முதன்முதலில் கூடியது. பொழுதுபோக்காக மின்னணுக் கருவிகள் செய்தவர்கள் ஒன்றுகூடி, தமக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த இடம் அது. வாஸ்னியாக் அப்போது ஹியூலட் பேக்கர்டில் கால்குலேட்டர் பிரிவுப் பொறியாளர். சங்கத்தில் கேட்டதும் கற்றதும்தான் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் செய்யும் எண்ணத்தை அவருக்குத் தந்தன. மோட்டரோலாவை விட்டு வெளியேறிய பொறியாளர்கள் சிலர் எம்ஓஎஸ் டெக்னாலஜியில் உருவாக்கிய 6502 என்ற சிப், 1975 செப்டம்பரில் 25 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதோடு ஒப்பிடத்தக்க சிப்கள் நூறு டாலருக்கு மேல் விற்ற காலம் அது. சம்பளத்தில் வாழ்ந்த ஓர் இளைஞர் தன் கம்ப்யூட்டரைத் தானே வடிவமைக்க முடிந்ததற்கு அந்த விலையும் காரணம். வடிவமைத்த சர்க்யூட் வரைபடத்தை அவர் சங்கத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். தான் வேலை செய்த நிறுவனத்திடமும் அதைக் காட்டினார். நிறுவனம் வேண்டாமென்றது. அந்த மறுப்பும் கணக்கில் ஒரு வரவுதான். அது இல்லாவிட்டால் ஆப்பிளுக்கு விற்கச் சரக்கே இருந்திருக்காது.

1976 ஏப்ரல் 1 அன்று ஆப்பிள் கூட்டு நிறுவனமாகத் தொடங்கியது. ஜாப்ஸுக்கும் வாஸ்னியாக்குக்கும் ஆளுக்கு 45 சதவீதம். ஒப்பந்தத்தை எழுதி, முதல் இலச்சினையையும் வரைந்த ரொனால்ட் வேய்னுக்கு 10 சதவீதம். பன்னிரண்டே நாளில் வேய்ன் விலகிக்கொண்டார். தன் பங்குக்கு அவர் பெற்றது 800 டாலர். முதலுக்காக ஜாப்ஸ் தன் வோக்ஸ்வாகன் வேனையும் வாஸ்னியாக் தன் கால்குலேட்டரையும் விற்றார்கள். இந்த இரண்டு விற்பனைகளையும் எல்லோரும் சொல்வார்கள், ஏனென்றால் அவை தியாகமாகத் தெரிகின்றன. ஆனால் நிறுவனத்தை நிற்க வைத்தது வேறு. மவுன்டன் வியூவில் பைட் ஷாப் என்ற கடையை நடத்திய பால் டெரல், ஒன்று 500 டாலர் வீதம் 50 கம்ப்யூட்டர் போர்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தார். பாகங்களைத் தனித்தனியாக ஏற்க மாட்டேன், முழுக்கப் பொருத்தித் தரவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அந்த ஆர்டரைக் காட்டி, மின்னணுப் பாகங்கள் விற்கும் நிறுவனத்திடம் 30 நாள் தவணையில் சரக்கு எடுத்தார் ஜாப்ஸ். நண்பர் ஒருவரின் குடும்பத்திலிருந்து 5,000 டாலர் கைமாற்றாக வந்தது. வேலை நடந்தது ஜாப்ஸின் பெற்றோரான பால், கிளாரா தம்பதியின் வீட்டில். ஜாப்ஸின் தங்கை, போர்டு ஒன்றுக்கு ஒரு டாலர் கூலிக்குச் சிப்களைச் செருகினார். கல்லூரித் தோழர் டேனியல் கோட்கே உடனிருந்து வேலை செய்தார். இத்தனை பேரில் ஒருவர் முடியாது என்று சொல்லியிருந்தாலும் அந்த 30 நாள் கெடு தப்பியிருக்கும்.

அடுத்த வரவு மைக் மார்க்குலாவிடமிருந்து வந்தது. இன்டெல்லில் சந்தைப்படுத்தல் பொறுப்பிலிருந்து, முப்பதுகளிலேயே ஓய்வு பெற்றவர் அவர். 1977 ஜனவரி 3 அன்று ஆப்பிள் முறையான நிறுவனமாகப் பதிவானபோது, அவர் கொண்டுவந்தது 2,50,000 டாலர். அதில் 80,000 முதலீடு, மீதி கடன். மூன்றில் ஒரு பங்கு அவருடையதானது. பணத்தோடு, ஒரு நிறுவனத்தை எப்படி நடத்துவது என்ற அறிவையும் அவர் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் வந்த ஆப்பிள் II, ராட் ஹோல்ட் வடிவமைத்த மின்வழங்கியும் ஜெர்ரி மேனாக் வடிவமைத்த உறையும் இல்லாமல் வீட்டுக்குள் வைக்கத்தக்க பொருளாக ஆகியிருக்காது. கணக்கு முடிக்கும் நாள் 1980 டிசம்பர் 12. ஆப்பிள் பங்குகள் ஒன்று 22 டாலருக்குப் பொது வெளியீட்டுக்கு வந்தன. ஜாப்ஸின் பங்கு மதிப்பு 20 கோடி டாலரைத் தாண்டியது. மணிக்கணக்குச் சம்பளத்தில் இருந்த கோட்கேவுக்குப் பங்குரிமை இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்போம் என்று ராட் ஹோல்ட் ஜாப்ஸிடம் கேட்டுப் பார்த்தார். ஜாப்ஸ் மறுத்தார். வாஸ்னியாக் தன் சொந்தப் பங்குகளில் ஒரு பகுதியை ஊழியர்களுக்குக் குறைந்த விலைக்கு விற்றார். கோட்கே போன்ற ஆரம்ப கால நண்பர்களுக்கு இனாமாகவே கொடுத்தார். கடன் எப்படி வந்தது, எப்படித் திரும்பியது, எங்கே திரும்பவில்லை என்று ஐந்தாண்டுக் கதை முழுமையாக நம் முன்னே இருக்கிறது. நாடகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

‘ஜாப்ஸ்’ படத்தில் இவற்றில் பல இருக்கின்றன என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். டெரல் வருகிறார், மார்க்குலா வருகிறார், கோட்கேவுக்குப் பங்கு மறுக்கப்படுவதும் வருகிறது. ஆனால் இவர்கள் எல்லோரும் ஜாப்ஸ் கடந்து போகும் நிறுத்தங்களாகவே வருகிறார்கள். டெரலின் நிபந்தனை ஒரு தடை, மார்க்குலாவின் பணம் ஒரு பரிசு, கோட்கேவின் ஏமாற்றம் நாயகனின் குணத்தில் ஒரு குறை. இவர்கள் என்ன நம்பிக் கொடுத்தார்கள் என்று படம் நின்று கேட்பதில்லை. அதற்கு மேல் இன்னொன்றும் செய்கிறது. படம் வெளிவருமுன் ஒரு காட்சித் துணுக்கு வெளியானது. அதில் கம்ப்யூட்டரால் உலகம் எப்படி மாறும் என்று வாஸ்னியாக்குக்கு ஜாப்ஸ் விளக்குகிறார். உண்மையான வாஸ்னியாக் அதை மறுத்தார். சமூகத்தைக் கம்ப்யூட்டர் மாற்றும் என்ற பேச்சு ஹோம்ப்ரூ சங்கத்தில் பரவலாக இருந்தது, தனக்கு ஊக்கம் தந்ததும் அதுதான், அது ஜாப்ஸிடமிருந்து வரவில்லை என்றார். அவர் பின்னர் வந்த போட்டிப் படத்துக்கு ஊதியம் பெற்ற ஆலோசகர், அவர் சொல்லை எப்படி ஏற்பது என்று கேட்கலாம். அவர் சொல்லை மட்டும் நம்பத் தேவையில்லை. ஹோம்ப்ரூ கூட்டங்களை நெறிப்படுத்திய லீ ஃபெல்சன்ஸ்டைன் 1973லேயே பெர்க்லியில் ஓர் இசைத்தட்டுக் கடை வாசலில் பொதுமக்கள் பயன்படுத்த ஒரு கம்ப்யூட்டர் முனையத்தை நிறுவிய குழுவில் இருந்தவர். ஊர்ப் பொதுச்சொத்தாக இருந்த ஒரு சிந்தனையைப் படம் ஒருவருடைய பெயரில் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டது.

இதற்கும் செலவுக்கும் என்ன தொடர்பு? படம் 1974இல் ரீட் கல்லூரியில் ஆரம்பித்து, இந்தியப் பயணம், அடாரி நிறுவன வேலை, ஆப்பிள், லிசா, மேக்கின்டாஷ் கம்ப்யூட்டர்கள், ஆப்பிளிலிருந்து 1985 வெளியேற்றம், 1996 மறுவருகை என்று ஓடி, 2001 ஐபாட் அறிமுகத்தையும் தொடக்கத்தில் சேர்த்துக்கொள்கிறது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் கால் நூற்றாண்டு. ஒவ்வொரு ஆண்டுக்கும் அரங்கு, உடை, கூட்டம் தேவைப்படுகிறது. சின்ன பட்ஜெட்டை அகலமாக விரித்தால் எங்கும் மெலிந்துதான் போகும். மகளைத் தன் பிள்ளையென ஏற்க மறுத்த ஜாப்ஸின் வீட்டில், பிற்காலக் காட்சியொன்றில் அந்த மகள் இருக்கிறார். இடையில் என்ன நடந்தது என்று சொல்லப் படத்துக்கு நேரமில்லை. ஆனால் 1975 மார்ச் முதல் 1977 ஏப்ரல் வரையிலான இரண்டாண்டுகளைச் சொல்ல என்ன வேண்டும்? ஒரு வீடு, ஒரு கடை, சங்கம் கூடும் ஓர் அரங்கு, பத்துப் பன்னிரண்டு நடிகர்கள். உண்மையான வீடே அவர்களுக்குக் கிடைத்திருந்தது. ஆனால் அந்த வீட்டின் கார் ஷெட்டில் ஆப்பிள் பிறந்தது என்பது கொஞ்சம் கட்டுக்கதை என்றும், வடிவமைப்போ உற்பத்தியோ அங்கே பெரிதாக நடக்கவில்லை என்றும் 2014இல் வாஸ்னியாக்கே சொன்னார். சுவரும் கூரையும் அசலாக இருந்தால் போதாது. உள்ளே இருந்தவர்களுக்குள் யார் யாருக்குக் கடன்பட்டிருந்தார் என்பது அசலாக இருக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு நல்ல வசனமும் நல்ல நடிப்பும்தான்.

இது நடக்காத காரியமல்ல. 1999இல் டிஎன்டி தொலைக்காட்சிக்காக மார்ட்டின் பர்க் இயக்கிய ‘பைரட்ஸ் ஆஃப் சிலிகான் வேலி’ படத்தில், ஜாப்ஸின் கதையை வாஸ்னியாக் பாத்திரமும் பில் கேட்ஸின் கதையை ஸ்டீவ் பால்மர் பாத்திரமும் சொல்கிறார்கள். பக்கத்தில் நின்றவரின் கண்ணால் நாயகனைப் பார்க்கும் ஏற்பாடு அது. அந்த ஒரே முடிவு படத்தின் நியாயத்தையே மாற்றிவிடுகிறது. பாத்திரங்களின் குணம் சரியாக வந்திருப்பதாக வாஸ்னியாக் பாராட்டிய படம் அது. 2023இல் மேட் ஜான்சன் இயக்கிய கனடியப் படமான ‘பிளாக்பெர்ரி’ இன்னும் சிறிய பட்ஜெட்டில், ஏறத்தாழ 50 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டது. ஒன்டாரியோவின் வாட்டர்லூவில் மைக் லாசரிடிஸும் டக் ஃப்ரெகினும் 1984இல் தொடங்கி, பின்னர் பிளாக்பெர்ரி போனை உருவாக்கிய ரிசர்ச் இன் மோஷன் நிறுவனத்தின் கதை. கேமரா ஆவணப்படம்போல அறை மூலையிலிருந்து பார்க்கிறது. பொறியாளர்கள் ஒரு கூட்டமாக, ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு, சேர்ந்து சினிமா பார்த்துக்கொண்டு, சேர்ந்தே கருவியை உருவாக்குகிறார்கள். வியாபாரத்தைக் கவனிக்க ஜிம் பால்சிலி உள்ளே வந்ததும் நிறுவனம் பிழைக்கிறது, கூட்டம் குலைகிறது. எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெளிவாகப் புரிகிறது. 2024 கனடியத் திரை விருதுகளில் அப்படத்துக்கு 14 விருதுகள் கிடைத்தன.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு வலுவானது. ஜாப்ஸ்தான் எல்லாவற்றுக்கும் மூலவிசை, அவர் இல்லாவிட்டால் வாஸ்னியாக் அந்த வரைபடத்தை ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார், அதனால் அவரை மையமாக வைப்பதுதானே உண்மை என்று கேட்பார்கள். இதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். வாஸ்னியாக் தன் வேலையை விட மறுத்தபோது, அவருடைய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் போன் செய்து பேசவைத்தவர் ஜாப்ஸ். ஓர் ஆர்டரைக் காட்டிக் கடன் பெறலாம் என்று கண்டவரும் அவர்தான். சிதறிக் கிடந்த திறமைகளையும் நம்பிக்கைகளையும் ஓரிடத்தில் சேர்ப்பது அரிய ஆற்றல். இருபத்தோரு வயதில் அதைச் செய்தவரைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அந்த ஆற்றலைக் காட்ட வேண்டுமானால், சேர்க்கப்பட்டவர்கள் திரையில் எடையோடு இருக்க வேண்டும். மறுக்கக்கூடியவராக டெரலைக் காட்டினால்தான் அவரைச் சம்மதிக்க வைத்தது சாதனையாகத் தெரியும். சுற்றியிருப்பவர்களைச் சுருக்கும் படம், ஜாப்ஸிடம் உண்மையில் இருந்த திறமையை அழித்துவிட்டு, அவரிடம் இல்லாத தீர்க்கதரிசனத்தை ஒட்டவைக்கிறது. அவருக்கும் அது நியாயமில்லை.

இரண்டாவது மறுப்பு, சினிமா வரலாற்று நூல் அல்ல, கற்பனைக்கு உரிமை உண்டு என்பது. உரிமை உண்டுதான். தமிழில் 2020இல் சுதா கொங்கரா இயக்கிய ‘சூரரைப் போற்று’ நல்ல எடுத்துக்காட்டு. ஏர் டெக்கான் விமான நிறுவனத்தைத் தொடங்கிய கேப்டன் ஜி.ஆர். கோபிநாத் கர்நாடகத்துக்காரர். படத்து நாயகன் நெடுமாறன் மதுரைப் பக்கத்துச் சோழவந்தான்காரன். பெயரையும் ஊரையும் மாற்றியதால், இது அவரைத் தழுவிய கதை என்ற உடன்பாடு பார்வையாளரோடு ஏற்பட்டுவிடுகிறது. 2015இல் டேனி பாயில் இயக்கிய ‘ஸ்டீவ் ஜாப்ஸ்’ உண்மைப் பெயர்களோடு வந்தாலும், 1984, 1988, 1998 என மூன்று அறிமுக விழாக்களின் பின்மேடையிலேயே முழுக் கதையையும் நடத்துகிறது. வாழ்க்கை இப்படி நடக்காது என்பது வடிவத்திலேயே தெரிகிறது. 2013 படமோ உண்மையான பெயர், உண்மையான வீடு, உண்மையான நடை என்று காட்டி நம்பிக்கையைக் கேட்கிறது. அப்படிக் கேட்டு வாங்கிய நம்பிக்கையைக் கொண்டு, பலருடையதை ஒருவருக்கு மாற்றி எழுதுவது கற்பனை உரிமைக்குள் அடங்காது. கற்பனை எந்தத் திசையில் போகிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கொடுத்தவர்களிடமிருந்து எடுத்து, ஏற்கெனவே எல்லாம் பெற்றவருக்கே சேர்க்கும் கற்பனையை நான் ஏற்க மாட்டேன்.

மூன்றாவது மறுப்பு வியாபாரம் சார்ந்தது. ஒற்றை நாயகன் இல்லாவிட்டால் கூட்டம் வராது என்பார்கள். ஒற்றை நாயகன் இருந்தும் என்ன வந்தது? ‘ஜாப்ஸ்’ அமெரிக்காவில் ஏறத்தாழ 1.6 கோடி டாலர் வசூலித்தது. மூன்று கோடி டாலர் செலவில், பெரிய ஸ்டூடியோ ஆதரவோடு வந்த பாயிலின் படம் அதே சந்தையில் ஏறத்தாழ 1.8 கோடிதான் வசூலித்தது. பெரிய பெயரும் பெரிய செலவும் கூட்டத்துக்கு உத்தரவாதம் தரவில்லை. எப்படியும் உத்தரவாதம் இல்லாத இடத்தில், சின்னப் படம் தன்னால் மட்டும் முடிந்ததைச் செய்வதே புத்திசாலித்தனம். பெரிய படத்தைப்போலத் தோன்ற முயன்றால் அது மட்டமான நகலாகத்தான் நிற்கும்.

இந்த வாதத்தில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவதற்குக் காரணம் சினிமா மட்டுமல்ல. இந்தப் படங்களை அதிகம் பார்ப்பவர்கள் தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்கள். கல்லூரிகளில் இவற்றை ஊக்கத்துக்காகப் போட்டுக் காட்டுகிறார்கள். தனியாளாக, எல்லோரையும் மீறி நின்றால் வெல்லலாம் என்று அவர்கள் கற்றுக்கொண்டால், தோற்கும்போது குறை தன் உறுதியில்தான் என்று நம்புவார்கள். தவணைக்குச் சரக்குக் கொடுக்க யாரும் இல்லாததையோ, வேலை செய்ய இலவசமாக ஒரு வீடு இல்லாததையோ, பகிர்ந்து கற்க ஒரு சங்கம் இல்லாததையோ அவர்கள் கணக்கில் எடுக்க மாட்டார்கள். வென்றால், கோட்கேக்களை மறப்பது வெற்றியாளரின் இயல்பு என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டும் தீங்கு.

ஆகவே, குறைந்த பணத்தில் இப்படியொரு படம் எடுக்க முன்வருபவர்களுக்கு என் வேண்டுகோள் இது. வாழ்க்கை முழுவதையும் எடுக்காதீர்கள், கடன் வாங்கிய ஆண்டுகளை எடுங்கள். கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் மறுப்பதற்கான காரணத்தையும் கொடுத்துப் பேசவிடுங்கள். கணக்கு முடிக்கும் நாளில் யாருக்கு என்ன போனது என்பதைக் காட்டாமல் படத்தை முடிக்காதீர்கள். அப்படியொரு படத்தைப் பார்க்கும் இளைஞர் தனக்குத் துணிச்சல் இருக்கிறதா என்பதோடு நிற்க மாட்டார். யாரிடம் போய்க் கேட்பது, அவர் ஏன் கொடுக்க வேண்டும், கொடுத்ததை எப்படித் திருப்பித் தருவது என்றும் யோசிப்பார். தொழில் தொடங்குகிறவருக்கு முதல் நாளிலிருந்தே தேவைப்படும் யோசனை அதுதான்.